வேஷத்தைக் கும்பிடாதீர்கள்!

சூப்பர் ஹீரோ கதைகளில் அரதப் பழசான ஒரு திருப்பம் உண்டு. ஹீரோ போடும் அதே உடையைத் தைத்துப் போட்டுக்கொண்டு வில்லன் ஊருக்குள் இறங்குவான். பேங்கைக் கொள்ளையடிப்பான். நாலு பேரைப் போட்டுத் தள்ளுவான். நேற்றுவரை ஹீரோவுக்கு மாலை போட்ட ஜனங்கள் இன்று காறித் துப்புவார்கள். பாவம் ஹீரோ, மொட்டைமாடியில் மழையில் நனைந்தபடி உட்கார்ந்து யோசிப்பான். கடைசி அத்தியாயத்தில் இரண்டு பேரும் நேருக்கு நேர் மோத, முகமூடி கிழியும். ஊர் கை தட்டும். சுபம்.

இந்தக் கதை மேல் எனக்கு ஒரு புகார் இருக்கிறது. கதை சிறுபிள்ளைத்தனமானது என்பதல்ல புகார். அது நம்மைப் போதுமான அளவு பயமுறுத்தவில்லை என்பதுதான்.

யோசித்துப் பாருங்கள். முகமூடியைக் கிழித்தது யார்? ஹீரோ. அதுவரை அந்த ஊர்க்காரர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? முதலில் நம்பினார்கள். அப்புறம் திட்டினார்கள். கடைசியில் கை தட்டினார்கள். 'ஐயா, நீங்க நிஜமாவே அவர்தானா?' என்று ஒரு ஆளாவது கேட்டாரா? கேட்கவில்லை. அந்த ஊர்க்காரர்கள் வேறு யாருமல்ல. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிற நாம்தான்.

ஸ்பைடர்மேனை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கென்று தனி காமிக்ஸ் ஆரம்பமானது 1963-ல். அதன் முதல் இதழிலேயே கமீலியன் என்று ஒரு வில்லன் வந்துவிட்டான். பெயருக்கேற்ற பச்சோந்தி. ஸ்பைடர்மேன் வேஷம் போட்டு ராணுவ ரகசியத்தைத் திருடிப் பழியை அவர் தலையில் கட்டப் பார்த்தான். அதிலிருந்து இந்தப் பாணி ஓயவே இல்லை. 2018-ல் டேவிட் லிஸ் என்ற எழுத்தாளர் 'ஹாஸ்டைல் டேக்ஓவர்' என்று ஒரு ஸ்பைடர்மேன் நாவல் எழுதினார். படக்கதை அல்ல, முழு நீள நாவல். அதிலும் ஸ்பைடர்மேன் மாதிரியே உடையணிந்து ஒருவன் அட்டூழியம் செய்கிறான். 'பிளட் ஸ்பைடர்' என்று பெயர்.

ஆனால், அந்த நாவலில் இவனைவிடப் பெரிய வேஷக்காரன் வேறொருவன். கிங்பின் என்கிற வில்சன் ஃபிஸ்க். நிழல் உலகத்தின் ராஜா. அவன் நியூயார்க்குக்குத் திரும்பி வருகிறான். எப்படி? துப்பாக்கியோடு அல்ல. தொழிலதிபராக, தர்மவானாக, ஊருக்கு நல்லது செய்ய வந்த பெரிய மனுஷனாக. ஸ்பைடர்மேன் உடையைப் போட்டவனை ஒரு நாள் பிடித்துவிடலாம், அந்த உடைக்கு அசல் சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார். தர்மவான் உடைக்கு அப்படிச் சொந்தக்காரர் யாரும் கிடையாது. யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். 'அது என் சட்டை, கழட்டுடா' என்று கேட்க யாரும் வரமாட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், நம்மூர் சினிமா இதைத் தலைகீழாகவே நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. 1958-ல் 'நாடோடி மன்னன்'. நல்லவரான எம்.ஜி.ஆர். மன்னர் வேஷம் போட்டு நாட்டைக் காப்பாற்றினார். 1980-ல் 'பில்லா'. அப்பாவி ரஜினி கெட்டவனான ரஜினியின் வேஷம் போட்டுக் கும்பலைப் பிடித்துக் கொடுத்தார். நல்லவன் வேறொருவன் வேஷம் போட்டால் என்ன ஆகும் என்று மூன்று தலைமுறைக்குப் பாடம் நடத்தியாகிவிட்டது. கெட்டவன் நல்லவன் வேஷம் போட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதற்குத்தான் பயிற்சியே இல்லை.

காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு இன்னொரு ஆளையும் நினைவிருக்கும். லீ ஃபாக் 1936-ல் படைத்த ஃபேண்டம், நம்மூர் முகமூடி வீரர் மாயாவி. நானூறு வருஷமாக அவருக்குச் சாவே இல்லை என்று காட்டு ஜனங்கள் நம்புவார்கள். உண்மையில் அப்பா செத்ததும் மகன் அதே உடையைப் போட்டுக்கொள்வார். இப்படியே 21 தலைமுறை! கதையில் எல்லா மகன்களும் உத்தமர்கள். அதனால் பிரச்னை இல்லை. ஒரு தலைமுறை தறுதலையாகப் பிறந்திருந்தால்? அந்த ஜனங்கள் இத்தனை காலம் கும்பிட்டது ஆளை அல்ல, உடையை. தறுதலையையும் அப்படியே கும்பிட்டிருப்பார்கள்.

இது அமெரிக்கச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். பாகவதத்திலேயே இருக்கிறது. பௌண்டரகன் என்று ஒரு ராஜா. 'நான்தான் அசல் வாசுதேவன், அந்தக் கிருஷ்ணன் போலி' என்று சொல்லிக்கொண்டு, போலிச் சங்கு, போலிச் சக்கரம், போலி கௌஸ்துபம் எல்லாம் மாட்டிக்கொண்டு திரிந்தவன். மரியாதையாக உன் அடையாளங்களைக் கழற்றிவை என்று கிருஷ்ணனுக்கே தூது அனுப்பினான் என்றால் பாருங்கள். அவனுக்கு இந்த எண்ணம் எப்படி வந்தது? பக்கத்தில் இருந்த ஜால்ராக்கள் 'நீங்கதான் சாமி அவதாரம்' என்று ஏற்றிவிட்டார்கள். இதை இந்தக் காலத்துக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஃபிளெக்ஸ் போர்டுகளைப் படித்தாலே போதும்.

பௌண்டரகன் கதையும் எப்படி முடிகிறது? கிருஷ்ணனே நேரில் வந்து சக்கரத்தை விட்டு முடித்துவைக்கிறார். மறுபடியும் அசல் ஹீரோ வந்தாக வேண்டியிருக்கிறது. நிஜ வாழ்க்கையில் அசல் வருவதில்லை சார். வந்தாலும் எல்லாம் முடிந்த பிறகுதான் வருகிறது.

'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ரிட்டையர் ஆன ஒரு பெரியவருக்கு வீடியோ கால் வருகிறது. எதிரே போலீஸ் யூனிஃபார்ம். பின்னால் சுவரில் அரசாங்க முத்திரை. 'உங்க பேர்ல வந்த பார்சலில் போதை மருந்து இருக்கிறது. நாங்க சி.பி.ஐ. கேமராவை அணைக்கக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது.' பயந்துபோன பெரியவர் சேமிப்பு முழுவதையும் அனுப்பிவிடுகிறார். 2024 அக்டோபரில் பிரதமரே தன் வானொலிப் பேச்சில் இதைப் பற்றி எச்சரித்தார். சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்ற ஒன்றே கிடையாது. எந்தப் போலீஸும் வீடியோ காலில் யாரையும் கைது செய்ய முடியாது. ஏமாந்தவர்கள் எண் 1930-ஐ அழைக்கலாம். இவ்வளவு சொல்லியும் ஏமாறுகிறார்களே, ஏன்? படிக்காதவர்களா? டாக்டர்களும் பேராசிரியர்களும் ஏமாறுகிறார்கள். யூனிஃபார்மைப் பார்த்ததும் எழுந்து நிற்கத்தான் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். உள்ளே இருப்பது யார் என்று கேட்கச் சொல்லிக்கொடுக்கவில்லை.

சரி, வீடியோ கால் திருடன் ஒரு ஆளைத்தான் ஏமாற்றுகிறான். ஒரு ஊரையே ஏமாற்றும் வேஷம் ஒன்று இருக்கிறது. அந்த வேஷத்துக்குப் பெயர் நியாயம். அதைப் பார்க்க நியூயார்க் போக வேண்டாம், சின்னசேலத்துக்கு வாருங்கள்.

சென்னை - சேலம் நெடுஞ்சாலையில் போகிறவர்கள் சின்னசேலத்தை ஒட்டிய கனியாமூரைக் கடந்திருப்பீர்கள். அங்கே ஒரு தனியார் பள்ளியின் விடுதியில் தங்கிப் படித்த பிளஸ் டூ மாணவி, 2022 ஜூலை 13-ம் தேதி இறந்துகிடந்தார். பெற்றவர்கள் சந்தேகப்பட்டார்கள், கேள்வி கேட்டார்கள், சாலையில் உட்கார்ந்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்? அந்தக் கேள்விகளில் ஒன்றுகூட தவறில்லை.

அடுத்த நாலு நாட்களில் அரசாங்கம் பேசியதைவிட வதந்தி அதிகம் பேசியது. மொபைல் வைத்திருந்தவர்கள் எல்லாம் துப்பறியும் சாம்புகளானார்கள். யூ டியூபில் ஆளாளுக்கு ஒரு மர்ம நாவல் எழுதினார்கள். 'நீதி வேண்டும்' என்ற அழைப்பு வாட்ஸ்அப் குரூப் குரூப்பாகப் பறந்தது. ஜூலை 17, ஞாயிற்றுக்கிழமை. பெருங்கூட்டம் பள்ளிக்குள் புகுந்தது. பஸ்கள் எரிந்தன. போலீஸ் வாகனம் எரிந்தது. காவலர்கள் மண்டை உடைந்தது. மாணவர்களின் சான்றிதழ்கள் சாம்பலாயின. பெஞ்சு, நாற்காலி என்று கைக்குக் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அப்புறம் சுற்றுவட்டாரக் கிராமங்களில், எடுத்துப்போனதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று தண்டோரா போடவேண்டி வந்தது.

ஒரு பெஞ்சைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால், செத்துப்போன பெண்ணுக்கு எந்த வகையில் நீதி கிடைக்கும்? யாராவது எனக்கு விளக்குங்கள். எரிந்துபோன சான்றிதழ்களின் சொந்தக்காரர்களும் அந்தப் பெண்ணைப் போன்ற பிள்ளைகள்தானே?

மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம், இது கோபத்தில் திடீரென வெடித்ததாகத் தெரியவில்லை, திட்டமிட்டு நடந்ததாகத் தெரிகிறது என்றது. யார் திட்டமிட்டார்கள், யார் குற்றவாளி என்று தீர்ப்பு சொல்வது கோர்ட்டின் வேலை. அதற்குள் நான் போகவில்லை. என் கேள்வி திட்டம் போட்டவர்களைப் பற்றியது அல்ல. அழைப்பை ஃபார்வேர்டு செய்தவர்களைப் பற்றியது. அவர்களில் முக்கால்வாசிப் பேர் நல்லவர்கள். அந்தப் பெண்ணுக்காக நிஜமாகவே கண் கலங்கியவர்கள். நியாயம் என்ற முகமூடியைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டு வழிவிட்டார்கள். பின்னாலேயே தீப்பந்தம் உள்ளே போனது.

கடைசியில் நடந்தது என்ன? நாடே அந்தப் பெண்ணின் சாவைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு எரிந்த பஸ்களைப் பற்றிப் பேசியது. ஒரு வாரம் கழித்து, ஜூலை 23-ம் தேதிதான் அந்தக் குடும்பத்தால் பிள்ளையை அடக்கம் செய்ய முடிந்தது. ஹீரோவின் வேஷம் போட்டு வில்லன் செய்கிற வேலையே இதுதானே? குற்றம் செய்வது பாதி வேலை. ஹீரோவின் பெயரைக் கெடுப்பது மீதி வேலை. நியாயம் கேட்ட ஒரு தாயின் குரல் கலவரச் சத்தத்தில் அமுங்கிப்போனதைவிட அந்தப் பள்ளிக்கூடத்தில் நடந்த பெரிய கொள்ளை வேறில்லை.

இப்போது ஒருத்தர் கோபமாக எழுந்து கேட்பது என் காதில் விழுகிறது. 'அப்ப போலீஸ் சொல்றதையும் கலெக்டர் சொல்றதையும் வாயைப் பொத்திக்கிட்டு நம்பச் சொல்றீங்களா?'

இல்லவே இல்லை. இரண்டு வருஷம் கழித்து, 2024 ஜூன் மாதம், அதே மாவட்டம். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் வரிசையாக விழுந்தார்கள். முதலில் மாவட்ட நிர்வாகம், இது கள்ளச்சாராயத்தால் வந்த சாவு அல்ல என்றது. பிறகுதான் மெத்தனால் என்று உறுதியானது. 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். கலெக்டரை மாற்றினார்கள், எஸ்.பி.யை சஸ்பெண்ட் செய்தார்கள். போன உயிர் போனதுதான்.

மெத்தனால் இருக்கிறதே, அதுவே ஒரு வேஷக்காரன். பார்வைக்கு எத்தனால் மாதிரியே இருக்கும், வாடையும் ஏறக்குறைய அதேதான். குடித்ததும் கொல்லாது. கல்லீரல் அதைச் சாதாரண சாராயம் என்று எண்ணி வழக்கமான வேலையைச் செய்யும். அதிலிருந்து ஃபார்மிக் அமிலம் உண்டாகும். மணிக்கணக்கு கழித்துத்தான் கண் இருட்டும், மூச்சு திணறும். மூக்கால் கண்டுபிடிக்க முடியாது, நாக்கால் முடியாது. பரிசோதனைக்கூடத்தால்தான் முடியும். கலெக்டர் உடை போட்டவர் சொன்னாலும் சரி, கட்சித் துண்டு போட்டவர் சொன்னாலும் சரி, 'பரிசோதனையில் என்ன வந்தது?' என்பது ஒன்றுதான் கேட்க வேண்டிய கேள்வி. நான் சொல்வது அரசாங்கத்தை நம்பு என்பதல்ல. உடையை நம்பாதே என்பது. அசல் அதிகாரியின் உடையையும் சேர்த்துத்தான்.

அப்படிக் கேட்ட ஒரு ஆளின் கதை இந்த மாவட்டத்திலேயே இருக்கிறது. 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது அதோடு சேர்ந்த ஊர்களில் திருக்கோவிலூரும் ஒன்று. பெரிய புராணத்தில் வரும் மெய்ப்பொருள் நாயனார் அரசாண்ட ஊர். கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். போரில் திரும்பத் திரும்பத் தோற்ற முத்தநாதன், திருநீறு பூசி, சடை முடித்து, ஓலைச்சுவடிக் கட்டுக்குள் கத்தியை ஒளித்துக்கொண்டு சிவனடியார் வேஷத்தில் அரண்மனைக்கு வருகிறான். வாசல் வாசலாகக் காவலர்கள் கும்பிட்டு வழிவிடுகிறார்கள். தனிமையில் ஆகமம் உபதேசிக்கிறேன் என்று சொல்லி மன்னரைக் குத்திவிடுகிறான். அப்போதும் மன்னர் அந்த வேஷத்துக்கு மரியாதை செய்கிறார். அவனை யாரும் தொடக் கூடாது, பத்திரமாக ஊர் எல்லை தாண்டி விட்டுவிட்டு வா என்று மெய்க்காவலனுக்குக் கட்டளை இடுகிறார்.

இந்தக் கதையைச் சொல்லும் எல்லோரும் மெய்ப்பொருளாரின் பக்தியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பேசட்டும். அது நாயன்மாரின் நிலை, உங்களுக்கும் எனக்கும் கட்டுப்படியாகாது. எனக்குப் பிடித்த ஆள் அந்த மெய்க்காவலன். பெயர் தத்தன். எல்லா வாசலும் திறந்துவிட்ட பிறகு, கடைசி வாசலில் நின்று தடுத்தவன் அவன் ஒருவன்தான். திட்டவில்லை, கத்தியை உருவவில்லை. மன்னர் தூங்குகிறார், நேரம் பார்த்து வாருங்கள் என்றான். அவ்வளவுதான். உடனே முத்தநாதனுக்குப் பொறுக்கவில்லை. தத்தனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

வேஷக்காரனைக் கண்டுபிடிக்க இதைவிடச் சுலபமான சோதனை கிடையாது. காத்திருக்கச் சொல்லுங்கள். அசல் அடியாராக இருந்தால் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். போலிக்கு நேரம் இருக்காது. வீடியோ கால் போலீஸ் உங்களை அழைப்பைத் துண்டிக்க விடமாட்டான். துண்டித்துவிட்டுப் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்டால் அவன் குட்டு உடைந்துவிடும். 'உடனே கிளம்பு, இன்னிக்கே எரி' என்கிற மெசேஜும் அதே ரகம்தான். மறுபரிசோதனை அறிக்கை வரட்டும், கோர்ட் என்ன சொல்கிறதென்று பார்ப்போம் என்று நாலு நாள் பொறுத்தால் அந்தத் தீப்பந்தம் அணைந்துபோகும்.

தத்தன் இன்னொரு வேலையும் செய்தான். அதை யாருமே கவனிப்பதில்லை. மன்னரைக் குத்திய செய்தி பரவி, முத்தநாதனைக் கொன்றுபோட ஊரே திரண்டு வழிமறித்தது. அந்தக் கூட்டத்துக்கு நடுவே கொலைகாரனைக் கூட்டிக்கொண்டு நடந்தவன் தத்தன். யார் மேல் அவனுக்குக் கோபம் அதிகம் இருந்திருக்கும்? அவன் கையிலும் வாள் இருந்தது. ஆனாலும் ஒவ்வொருவரையும் நிறுத்தி, இது மன்னர் கட்டளை என்று சொல்லி விலக்கினான். முதலில், கும்பிட்டு வழிவிடும் கூட்டத்தில் அவன் சேரவில்லை. பிறகு, வெட்டக் கிளம்பிய கூட்டத்திலும் அவன் சேரவில்லை. இரண்டும் ஒரே கூட்டம்தான் என்பதைக் கவனியுங்கள். காலையில் வேஷத்தைக் கும்பிட்டவர்கள்தான் சாயங்காலம் வாளைத் தூக்குகிறார்கள். இரண்டு தடவையும் யோசிக்கிற வேலையை அடுத்தவரிடம் விட்டுவிட்டார்கள்.

நம் பிள்ளைகளுக்கு ஸ்பைடர்மேன் டி-ஷர்ட் வாங்கிக் கொடுக்கிறோம். பள்ளி ஆண்டு விழாவில் ராஜா வேஷம், போலீஸ் வேஷம், தலைவர் வேஷம் போட்டு மேடையேற்றுகிறோம். தாராளமாகச் செய்யுங்கள். கூடவே, கதை படிக்கும்போது ஒரு கேள்வியையும் கேட்டுப் பழக்குங்கள். 'இந்த ஆள் அசல்தான்னு அந்த ஊர்க்காரங்களுக்கு எப்படிடா தெரியும்? அவங்க என்ன செஞ்சு பார்த்திருக்கலாம்?' ஹீரோ எப்படி ஜெயித்தான் என்பதைவிட இதற்குப் பதில் கண்டுபிடிப்பது பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பின்னால் உதவவும் செய்யும்.

உங்களுக்கும் ஒன்று. அடுத்த தடவை உங்கள் நன்மைக்காகவே வந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு ஒருவர் வீட்டு வாசலுக்கோ, ஓட்டு கேட்டோ, மொபைல் திரைக்கோ வரும்போது, அவர் போட்டிருப்பது காக்கியா, காவியா, கறுப்பா, வெள்ளையா என்று பார்க்காதீர்கள். 'உட்காருங்க, கொஞ்சம் விசாரிச்சுட்டு வரேன்' என்று சொல்லிப் பாருங்கள். உட்கார்ந்தால் ஒரு டம்ளர் மோர் கொடுங்கள். குதித்தால் கதவைச் சாத்துங்கள்.